ஒரே பெயரில் இரண்டு ஆயுள்: கோட்டாற்று வியாபாரி ஒருவரின் வாழ்க்கையை எழுதியபோது நடந்தவை

பின்னணி

நாகர்கோவில் கோட்டாற்றில் பல தலைமுறையாக வியாபாரம் செய்துவந்த ஒரு குடும்பம், தங்கள் பூட்டனாரைப் பற்றி ஒரு சிறுநூல் கொண்டுவர விரும்பியது. அவர் நிலம் கொடுத்ததாகச் சொல்லப்படும் பள்ளிக்கூடத்தில் ஒரு கல்வெட்டும் வைக்க நினைத்தார்கள். பள்ளியின் ஆண்டுவிழா அன்று இரண்டையும் திறந்துவிட வேண்டும் என்பது திட்டம். எழுதித் தரும் வேலை எங்கள் வாசகர் வட்டத்திடம் வந்தது. அதில் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் என்ற முறையில் நானும், ஒரு பெண் வழக்கறிஞரும், தக்கலையில் வெகுகாலம் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் பொறுப்பேற்றோம்.

நம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட சிறுநூல்கள் நிறைய வருகின்றன. சர்ச்சு ஆண்டுவிழா, கோவில் கொடை, பள்ளி நூற்றாண்டு என்று ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அப்படியே அச்சடித்துவிடுவார்கள். இந்த முறை கொஞ்சம் வேறு மாதிரி போயிற்று. அதனால்தான் முழுதாகப் பதிவு செய்கிறேன். குடும்பத்தின் ஒப்புதல் உண்டு. பெயர், சாதி, மதம், பள்ளி எதையும் இங்கே சொல்லவில்லை.

குடும்பம் சொன்ன கதை

முதல் நாள் மூத்த பேத்தி, எண்பதைத் தாண்டியவர், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். கயிறு, கருப்பட்டி, கொப்பரை மூன்றும் பூட்டனாரின் வியாபாரம். கோட்டாற்றில் கிட்டங்கி (சரக்குக் கிடங்கு), குளச்சலில் இன்னொன்று. 1904இல் திருவிதாங்கூர் மகாராஜா முதன்முதலாக பிரஜா சபையைக் கூட்டியபோதே அதில் உட்கார்ந்தவர். பிறகு நாகர்கோவில் நகரசபையில் இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தார். 1938இல் வங்கி மூடியதில் பணத்தை இழந்தார். அப்படியும் தளராமல் 1954இல் தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட தமிழர் போராட்டத்தில் மார்த்தாண்டத்தில் ஊர்வலத்தின் முன்னால் நின்று கைதானார். தாய்த் தமிழகத்தோடு சேர்ந்ததைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

“ராஜா காலத்துல இருந்து காமராஜ் காலம் வரைக்கும் அரசியல் பண்ணினவரு சாரே, இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?” என்று கேட்டார். நல்ல கேள்விதான். கேட்டுக்கொண்டிருந்தபோதே கணக்கு உறுத்தியது. 1904இல் ஒரு வியாபாரியை ராஜா சபைக்கு அழைக்கிறார்கள் என்றால் அப்போது அவருக்கு முப்பது, முப்பத்தைந்து வயதாவது இருந்திருக்கும். 1954இல் எண்பதைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த வயதில் ஊர்வலம் போகக் கூடாது என்று சட்டமில்லை. ஆனாலும் விசாரிக்க வேண்டியிருந்தது.

கல்வேலை நடக்கும் மயிலாடியில் கல் ஏற்கெனவே ஆர்டர் செய்யப்பட்டிருந்தது. ‘1904 முதல் 1956 வரை மக்கள் பணி’ என்ற வரியும் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது.

கையில் கிடைத்தவை

மச்சில் இருந்த தகரப் பெட்டியில் ஆதாரங்கள், சர்க்கார் கடிதங்கள், வரி ரசீதுகள், சில தேர்தல் நோட்டீசுகள், பத்திரிகைத் துண்டுகள் இருந்தன. இன்னொரு மூலையில், செல்லரித்த மரப்பெட்டியில், நாள்வழிக் கணக்கும் (அன்றாட வரவுசெலவு) பேரேடுமாக (ஆளுக்கொரு பக்கம் வைத்த கணக்கு) பல புத்தகங்கள். இவற்றைக் குடும்பத்தினர் எங்களிடம் எடுத்துத் தரவே நினைக்கவில்லை. “அது வெறும் கடைக் கணக்கு” என்றார் கொள்ளுப்பேரன்.

சர்க்கார் தாள்களும் ஆதாரங்களும் மலையாளத்தில். தேதி மலையாள நாட்டுக் கொல்லம் ஆண்டில், மாதம் மேடம், இடவம் என்று. கடைக் கணக்கு தமிழில், தமிழ் எண்களில். அதிலும் கொல்லம் ஆண்டுதான், ஆனால் மாதம் சித்திரை, வைகாசி. பணம் சக்கரத்திலும் காசிலும். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு. பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். தூத்துக்குடி வியாபாரிகளோடு பிரிட்டிஷ் ரூபாயிலும் உள்ளூரில் சக்கரத்திலும் பற்றுவரவு வைத்திருந்தார். 1000 பிரிட்டிஷ் ரூபாய் வந்தால் அது உள்ளூர்க் கணக்கில் 1017 ரூபாய் 24 சக்கரமாக ஏறும். இது தெரியாமல் பேரேட்டைப் புரட்டினால் இரண்டு பக்கமும் ஒத்துவராது, மனுஷர் கள்ளக்கணக்கு எழுதினார் என்று தோன்றிவிடும்.

முதல் முடிவு: எதை முன்னால் படிப்பது

வழக்கறிஞர் தகரப் பெட்டியில் தொடங்கலாம் என்றார். அரசியல் வாழ்க்கையை எழுதப்போகிறோம், அரசியல் தாள்கள் அங்கேதான் இருக்கின்றன என்பது அவர் வாதம். ஆதாரம் எழுத்தர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியில் இருப்பவை யாரோ பத்திரப்படுத்தத் தகுந்தவை என்று பொறுக்கி எடுத்தவை. கணக்குப் புத்தகத்தை யாரும் பொறுக்கவில்லை, கிடந்தபடி கிடக்கிறது. அதனால் அதை முதலில் படித்து ஆண்டுவாரியாக ஒரு வரிசை போட்டுக்கொள்வோம், அப்புறம் பெட்டித் தாள்களை அந்த வரிசையில் வைத்துப் பார்ப்போம் என்றார். அவர் சொன்னதையே செய்தோம். இந்த வேலையில் எடுத்த முடிவுகளில் மிக உதவியது இதுதான் என்பது என் கருத்து.

அதோடு மயிலாடிக்குத் தகவல் சொல்லி, ஆண்டுகள் வரும் வரியை மட்டும் கொத்தாமல் நிறுத்தி வைக்கச் சொன்னோம். குடும்பத்துக்கு இது பிடிக்கவில்லை. ஆண்டுவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் காகிதத்தில் தவறு வந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம், கல்லில் அது முடியாது.

ரோடும் கால்வாயும்

ஒரு வியாபாரி எதற்காக அரசியலுக்கு வந்தார் என்ற கேள்விக்கு வீட்டில் கிடைத்த விடை ‘ஜனங்களுக்காக’ என்பது. கணக்குப் புத்தகத்தில் கிடைத்தது வண்டிக்கூலி.

அவரது சரக்கு இரண்டு வழியாக வந்தது. அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பனங்காட்டுக் கருப்பட்டி மாட்டுவண்டியில் கோட்டாற்றுச் சந்தைக்கு வரும். அதில் ஒரு பகுதி ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்குப் போகும். கயிறும் தும்பும் (தேங்காய் நார்) மேற்கே தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கரையோர ஊர்களிலிருந்து வள்ளத்தில் ஏ.வி.எம். கால்வாய் வழியாகக் குளச்சலுக்கு வரும். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்ற முழுப்பெயர் இப்போது பலருக்குத் தெரியாது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்க 1860இல் தொடங்கிய வேலை அது. கிழக்கே மண்டைக்காட்டுப் பக்கத்தோடு நின்றுவிட்டது. ஓடிய பகுதியிலும் கடல்மணல் வந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வள்ளம் வராது. அதே சுமையை வண்டியில் ஏற்ற வேண்டும்.

நாள்வழியில் கொல்லம் 1075 தொடங்கி சுமார் பத்தாண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வள்ளக்கூலியையும் வண்டிக்கூலியையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தோம். வள்ளக்கூலி இறங்கும் மாதங்களில் வண்டிக்கூலி ஏறுகிறது. மழைக்காலத்தில் வண்டிக்கூலியோடு ‘அச்சு முறிந்த வகை’, ‘மாடு வகை’ என்று தனிச்செலவுகள் சேர்கின்றன. ஒரே ஓடைப் பக்கம் அடுத்தடுத்த ஆண்டுகளில் வண்டி சாய்ந்திருக்கிறது. வருத்தமோ கோபமோ எழுதப்படாத கணக்கு. ஆனால் மனுஷர் எதை நினைத்துத் தூங்காமல் கிடந்தார் என்பது தெரிகிறது.

அப்புறம் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். ஸ்ரீமூலம் பிரஜா சபையின் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன. சபையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது சட்டம் இயற்றும் சபை அல்ல. அதற்கு 1888இலேயே ஒரு சட்டசபை திருவிதாங்கூரில் ஏற்பட்டிருந்தது. பிரஜா சபை ஆண்டுக்கொருமுறை விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் கூடும். நிலவரி கட்டுவோரிலும் வியாபாரிகளிலும் வசதியுள்ளவர்களே பெரும்பாலும் உறுப்பினர்கள். அவரவர் ஊர்க் குறையை எழுந்து சொல்லலாம், திவான் பதில் சொல்வார், அவ்வளவுதான். மாலையில் வீட்டுக்குப் போகும்போது யார் கையிலும் அதிகாரம் இருக்காது. இருந்தும், அதுவரை தாசில்தார் கச்சேரி வாசலில் காத்துக்கிடந்தவர்கள் திவான் முகத்துக்கு நேரே பேச முடிந்தது.

நம் வியாபாரி பேசியவை மூன்று கோரிக்கைகளாகப் பதிவாகியிருந்தன. ஒன்று கால்வாயில் மணல் வாருவது. இரண்டாவது அந்த ஓடைக்குப் பாலம். மூன்றாவது கோட்டாற்றுச் சந்தையில் வண்டி நிறுத்த இடம். மூன்றும் அப்படியே அவரது கணக்குப் புத்தகம். வழக்கறிஞர் சிரித்துவிட்டார்: “பேரேட்டைக் கையில வச்சுக்கிட்டே பேசியிருக்காரு.”

இதைக் குடும்பத்திடம் சொன்னபோது, சுயநலவாதி என்று எழுதப் போகிறோம் என நினைத்துப் பயந்துவிட்டார்கள். நாங்கள் அப்படி எழுதவில்லை. அவருக்கு வண்டி போக வேண்டும் என்பதற்காகக் கேட்ட பாலத்தில்தான் மற்றவர்களும் நடந்தார்கள். அந்தக் காலத்து ஊர் அரசியலில் பாதி இப்படித்தான் உண்டாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தன் நட்டம் எங்கே தொடங்குகிறது என்று துல்லியமாகத் தெரிந்தவர் பேசும்போது திவானும் கொஞ்சம் காது கொடுப்பார். ‘ஜனங்களுக்காக’ என்ற ஒற்றை வார்த்தையைவிட அச்சு முறிந்த கணக்கு அவருக்கு அதிக மரியாதை தருகிறது.

இடையில் ஒரு செய்தி. இந்தக் கரையிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909இல் இங்கே மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அடுத்த சில ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. எங்கள் வியாபாரியின் கணக்கில் இதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. மணலோடு கயிற்றை விற்றவருக்கு எடையில் கழிவு பிடித்தார்கள் என்ற புகார் மட்டும் இருக்கிறது.

1904 என்ற ஆண்டு

முதல் சபையிலேயே இருந்தார் என்பதற்கு வீட்டில் காட்டிய ஆதாரம் ஓர் அழைப்புக் கடிதம். கும்பம் 1080 என்று தேதி. 1080உடன் 824 கூட்டினால் 1904. யாரோ எப்போதோ பென்சிலால் ஓரத்தில் கூட்டியும் வைத்திருந்தார்கள்.

கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது ஆகஸ்டு நடுவில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. கும்பம் என்பது மாசி. ஆகவே கும்பம் 1080 என்றால் 1905 பிப்ரவரி, மார்ச். சபை முதலில் கூடியது 1904 அக்டோபரில், அதே 1080இன் துலாம் மாதத்தில். கடிதம் எழுதப்பட்டபோது முதல் கூட்டம் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அச்சான முதல் கூட்டத்துப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அடுத்த கூட்டத்தில் இருக்கிறது.

ஒரு வருஷம்தானே, விட்டுவிடலாமே என்றார் கொள்ளுப்பேரன். நூலில் ‘இரண்டாவது கூட்டத்திலிருந்து’ என்று எழுதுவதில் மனுஷருக்கு ஒரு குறையும் வராது என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தோம்.

நகரசபை நாட்களைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். திருவிதாங்கூரில் 1920இல் புதிய நகராட்சிச் சட்டம் வந்தது. அதன் பிறகு ஒரு முறை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்து உறுப்பினரானார், அடுத்த முறை தோற்றார். சந்தைக் குத்தகையில் அவரது பங்காளியும் ஏலம் கேட்டது எதிர்த்தரப்பு நோட்டீசில் இருந்தது. நோட்டீசு ஒருதரப்புத்தான். ஆனால் அந்தக் குத்தகைத் தொகையில் அவர் பங்குப் பணம் கட்டியது நாள்வழியிலும் இருந்ததால் நூலில் சேர்த்தோம். 1932க்குப் பிறகு, சட்டசபையில் விகிதாசாரப் பங்கு கேட்ட நிவர்த்தனப் போராட்ட நாட்களில், அவர் எந்தப் பக்கமும் பேசியதாகத் தெரியவில்லை.

வங்கியும் பள்ளி நிலமும்

திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் குயிலான் வங்கியும் 1937இல் ஒன்றாகச் சேர்ந்தன. 1938 ஜூனில் அந்த வங்கி பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. வங்கி நிர்வாகத்துக்கும் திவான் சி.பி. ராமசாமி ஐயருக்கும் நடந்த மோதல் இன்றும் பேசப்படுகிறது. அவ்வளவு பெரிய வங்கி என்பதால் தெற்கே நாகர்கோவில் வரை அடி விழுந்தது. பேரேட்டில் அந்த வங்கிப் பக்கம் ஆனி 1113உடன் நிற்கிறது. பிற்பாடு கலைப்புக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்த தொகைகள் வேறு மையில் எழுதப்பட்டிருக்கின்றன.

பள்ளி நில ஆதாரத்தின் தேதி கன்னி 1114. 1938 செப்டம்பர், அக்டோபர். வங்கி மூடிச் சில மாதங்கள்தான். ஆதாரம் எழுத்தர் முதல் வரியைப் படித்ததுமே தலையைத் தூக்கிப் பார்த்தார். அது தான ஆதாரம் இல்லை, விலையாதாரம். தொகை குறிப்பிட்டிருக்கிறது.

வீட்டில் இது இடி விழுந்ததுபோல் ஆயிற்று. நிலத்தைத் தானம் கொடுத்ததற்காகத்தானே கல்லே வைக்கிறோம்! நாங்கள் பேரேட்டுக்குத் திரும்பினோம். பள்ளி நிர்வாகத்தின் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது. ஆதாரத் தொகையில் பாதியளவு இரண்டு தவணையாக வரவாகியிருக்கிறது. அதன்பிறகு அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை. மற்ற கடன்காரர்களின் பக்கங்களில் வட்டி ஏற்றி, நினைவூட்டி, கடைசியில் கழித்து எழுதியதெல்லாம் காண்கிறது. இந்தப் பக்கத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்.

எப்படி எழுதுவது என்று எங்களுக்குள் வாதம். மீதியை விட்டுக்கொடுத்தார் என்று எழுதலாம் என்றார் வழக்கறிஞர். விட்டுக்கொடுத்ததற்கு எழுத்து இல்லையே என்றேன் நான். கடைசியில் ‘கைப்பணம் முடங்கிய ஆண்டில் நிலத்தைப் பள்ளிக்கு விற்றார், விலையில் ஏறத்தாழப் பாதியே வரவாகியிருக்கிறது, மீதியைக் கேட்டதாகக் கணக்கில் இல்லை’ என்ற வாக்கியத்தில் மூவரும் ஒத்துப்போனோம். இதற்கு மேல் ஒரு சொல் கூட்டினாலும் குறைத்தாலும் நாங்களாகச் சொல்வதாக ஆகிவிடும்.

அடியந்திரச் செலவு

1125 தை மாத நாள்வழியில் ‘பதினாறு அடியந்திர வகை’ (இறந்த பதினாறாம் நாள் சடங்கு) என்று தலைப்பிட்டு அரிசி, பருப்பு, வாழையிலை, வைப்புக்காரர் கூலி எல்லாம் வரிசையாக வருகின்றன. கையெழுத்து அதுவரை இருந்ததல்ல, புதிது. தை 1125 என்றால் 1950 ஜனவரி, பிப்ரவரி. பூட்டனார் அப்போதே இறந்துவிட்டார். நான்கு ஆண்டுக்குப் பிறகு மார்த்தாண்டத்தில் கைதானது யார்?

தகரப் பெட்டியிலேயே பதில் இருந்தது. 1954ஆம் ஆண்டு ஜாமீன் பத்திரத்தின் நகலில் அதே பெயர். வயது 39. கையெழுத்து தமிழில். பூட்டனார் சர்க்கார் தாள்களில் எல்லாம் மலையாளத்தில் கையெழுத்திட்டவர்.

பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வீடுகளில் வழக்கம். மூத்த மகன் வழிப் பேரன் அதே பெயரோடு அதே கடையில் உட்கார்ந்து, அதே ‘அண்ணாச்சி’ என்ற அழைப்போடு அரசியலுக்கும் வந்திருக்கிறார். 1945 இறுதியில் நாகர்கோவிலில் தமிழர் காங்கிரஸ் தோன்றி, பிறகு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசாகி, நேசமணி தலைமையில் வளர்ந்த காலம் இந்தப் பேரனுடையது. 1954 ஆகஸ்டு 11 அன்று பட்டம் தாணு பிள்ளை ஆட்சியில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜாமீன் பத்திரம் அதை ஒட்டிய கைதுகளைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமானதைப் பார்த்தவரும் அவரே. அவருக்குக் குழந்தைகள் இல்லை, சீக்கிரமே இறந்தும்விட்டார். அவரை நினைத்துப் பார்க்கத் தனியாக ஒரு கிளை இல்லாததால் அவருடைய பத்தாண்டுகள் பாட்டனார் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டன.

நாங்கள் ஒரு வாழ்க்கையை எழுத வந்தோம். கையில் இருந்தது இரண்டு. இரண்டும் ஒரே மாதிரியானவையும் அல்ல. பாட்டனாரின் அரசியல் மகாராஜாவிடம் விண்ணப்பம் வைப்பது, கையெழுத்துகூட மலையாளத்தில். பேரனுடையது அந்த அரசே வேண்டாம், எல்லையை மாற்று என்று தெருவில் இறங்குவது. ஒரே மனிதர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினார் என்ற கதை கேட்க அழகாகத்தான் இருந்தது.

குடும்பத்தில் நடந்தது

மூத்த பேத்தியிடம் இதைச் சொல்ல எல்லாரும் தயங்கினார்கள். கடைசியில் நாங்களே போய், ஜாமீன் பத்திரத்தை அவர் கையில் கொடுத்தோம். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது எங்க அண்ணன்லா” என்றார். பிறகு சொன்னார்: “ஜெயிலுக்குச் சோறு கொண்டு போனது நான்தான். அம்மை துணியில கெட்டித் தந்தா. அதை எப்படி பாட்டாவுக்குன்னு சொல்லிட்டு வந்தேன்?”

அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் வருஷக்கணக்காக எல்லாரும் சேர்ந்து சொல்லிவந்த கதைக்குள் அவரது சொந்த ஞாபகமும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. பத்திரத்தைப் பார்த்த பிறகு அவர் அண்ணனைப் பற்றிச் சொன்னவை நூலின் மிக நல்ல பக்கங்கள் ஆயின.

எல்லாரும் இப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சென்னையில் இருக்கும் ஒரு கிளை, பள்ளி நிலம் விற்கப்பட்டது என்று அச்சிட்டால் வெளியீட்டுக்கு வரமாட்டோம் என்றது. அவர்கள் முன்வைத்த சமரசம், அந்தப் பகுதியை மொத்தமாக விட்டுவிடுவது. நாங்கள் மறுத்தோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கக்கூடிய ஆதாரம் அது. நாளைக்கு வேறு யாராவது எடுத்துக் காட்டினால் நூலில் உள்ள மற்ற உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள். செலவு செய்பவர்கள் குடும்பத்தினர், ஆகவே நூலையே நிறுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு, ஆனால் எங்கள் பெயரோடு வரும் நூலில் அது இருக்கும் என்று எழுத்திலேயே கொடுத்தோம். கோட்டாற்றில் இருந்தவர்கள் அச்சிடுவது என்று தீர்மானித்தார்கள்.

கயிறு பிரித்த பெண்கள்

வேலை முடியும் தறுவாயில் இன்னொரு கேள்வி எழுந்தது. பேரேட்டில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் பெண்கள் பெயரில் இருந்தன. கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போட்டு, அடித்து, தும்பெடுத்துக் கயிறு பிரித்தவர்கள். அவர்களுக்கு முன்பணம் கொடுத்து, கயிறு கொண்டுவரும்போது கழித்துக்கொள்ளும் முறை. ஆடி மாதம் முன்பணம் ஏறும், ஓணம் முடிந்தும் தீராது, அடுத்த ஆடிக்கு அதே பக்கத்தில் மேலும் ஏறும். தாயின் பாக்கி மகள் பெயருக்கு மாற்றப்பட்ட பக்கங்களும் உண்டு.

கால்வாய்க் கரை ஊர் ஒன்றில் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். அந்த வீட்டுப் பாட்டி, தன் அம்மா சொன்னதாக, நனைந்த கயிறு என்று சொல்லி எடையில் பிடிப்பார்கள், ஆனால் பஞ்ச காலத்தில் அரிசி கொடுத்ததும் அதே கிட்டங்கிதான் என்றார். இரண்டையும் ஒரே மூச்சில், அதே குரலில் சொன்னார். நூலில் அப்படியே சேர்த்தோம். பிரஜா சபையில் கால்வாய்க்காகப் பேசியவர், கால்வாய்க் கரையில் உட்கார்ந்து கயிறு பிரித்தவர்களுக்காக ஒரு கோரிக்கையும் வைக்கவில்லை என்ற வாக்கியத்தை நான்தான் எழுதினேன். அது தேவையா என்று வழக்கறிஞர் கேட்டார். பதிவேட்டில் இருக்கும் மூன்று கோரிக்கைகளையும் பட்டியலிட்டுவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது என்று எனக்குப் பட்டது.

விளைவு

நூல் ஆண்டுவிழாவுக்கு வரவில்லை, பல மாதம் தள்ளிப்போனது. அட்டையில் பெயர் ஒருமுறைதான் இருக்கிறது, கீழே இரண்டு ஜோடி ஆண்டுகள். சென்னைக் கிளை வெளியீட்டுக்கு வரவில்லை, ஆனால் பிறகு பிரதிகள் கேட்டு வாங்கிக்கொண்டது.

மயிலாடிக் கல்லில் பெயரும் பூட்டனாரின் பிறப்பு இறப்பு ஆண்டுகளும் ‘இப்பள்ளி நிலத்தின் முன்னாள் உடைமையாளர்’ என்ற வரியும் மட்டும் கொத்தப்பட்டன. பள்ளி நிர்வாகம் முதலில் முகம் சுளித்தது. பாதி விலை இன்னும் பாக்கி என்று அர்த்தம் வருமோ என்ற பயம். கல்லில் விலை பற்றி ஒன்றும் இல்லை என்று காட்டிய பிறகு ஏற்றுக்கொண்டது.

நாங்கள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. நூலைப் படித்துவிட்டு வடசேரியிலும் இரணியலிலும் இருந்து இரண்டு குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தன. ஒன்று துணி வியாபாரம், இன்னொன்று கருவாடு. அதில் ஒருவர் போன மாதம்தான் பாதியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தார்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவோம்

உழைத்தவர்களின் குடும்பங்களிடம் முதலிலேயே போவோம். இந்த முறை கடைசியில் போனதால் அந்தப் பகுதி நூலில் ஒட்டுப்போட்டதுபோல் நிற்கிறது. முன்பணப் பக்கங்களைத் தொடக்கத்திலேயே ஆண்டுவாரியாக எழுதிக்கொண்டிருந்தால், 1914இல் போர் வந்து ஜெர்மன் வியாபாரம் நின்றபோது அந்தப் பாக்கிகள் என்னவாயின என்று பார்த்திருக்கலாம்.

குடும்ப வரைபடத்தை, பெயர்களும் வயதுகளுமாக, முதல் சந்திப்பிலேயே போடுவோம். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் அங்கே சிவப்பு மையில் வட்டம். எல்லாத் தாளிலும் மொழி, கையெழுத்து, சொல்லப்பட்ட வயது மூன்றையும் தனிப் பத்தியில் குறித்துக்கொள்வோம். கொல்லம் ஆண்டை மாதத்தோடு சேர்த்தே எழுதுவோம். மாதம் இல்லாத தாளுக்கு இரண்டு ஆங்கில ஆண்டையும் போடுவோம்.

கல், பேனர், அழைப்பிதழ் எதுவாக இருந்தாலும் ஆண்டு எழுதும் வரியை எங்களிடம் காட்டிய பிறகே கொடுக்க வேண்டும் என்று வேலையை ஏற்கும்போதே கேட்டுக்கொள்வோம். ஆதாரம் படிக்கத் தெரிந்த பெரியவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பழைய மலையாளக் கையெழுத்தையும் தமிழ்ப் பின்னங்களையும் அவரிடம் கற்றுக்கொள்ள இரண்டு கல்லூரி மாணவிகள் சனிக்கிழமைகளில் வருகிறார்கள். கருவாட்டு வியாபாரியின் பேரேட்டைத்தான் பாடமாக வைத்திருக்கிறோம்.